கரடிக்கு விழுந்த சீட்டு

“உர்ர்ர்ர்… ங்ர்ர்ர்ர்… ஹாவ்!”

இந்தச் சத்தம்தானுங்களே? இருட்டினதுக்கப்புறம், தண்ணிக் குழாய்க்குள்ள யாரோ சிக்கிக்கிட்டு அனத்தற மாதிரி?

கேட்டுருச்சா உங்களுக்கு? கீழ் வீடு வரைக்குமா? ஐயோ, வாங்க்கா, உள்ள வாங்க. வாசல்லயே நிக்காதீங்க. கையில என்னங்க அது, பூரிக்கட்டையா? பரவால்லீங்க, நீங்க தைரியசாலி. நானா இருந்தா கட்டையும் எடுத்திருக்க மாட்டேன், மாடிப்படியும் ஏறியிருக்க மாட்டேன். போர்வைக்குள்ள போய் படுத்திருப்பேன்.

நாயெல்லாம் இல்லீங்க்கா. வீட்டு ஓனர் நாய் வளர்க்க விடமாட்டார், அட்வான்ஸ் வாங்கும்போதே உங்ககிட்டயும் சொல்லீருப்பாரே. பேயும் இல்ல. இப்பத்தான் குடி வந்திருக்கீங்க, அதுக்குள்ள பயந்து காலி பண்ணீட்டீங்கன்னா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். உக்காருங்க, சொல்லீர்றேன். அந்தக் கட்டையக் கொஞ்சம் டீப்பாய் மேல வைங்க. மடியில வெச்சிருந்தா எனக்குப் பேச்சு வராது.

நான் ரொம்பப் பயந்த சுபாவமுங்க. பல்லி கத்துனா பயம். கத்தலைன்னா எங்க போச்சுன்னு பயம். எங்க வீட்டுக்காரர் பூபதிக்கு டையிங்ல, சாயப்பட்டறையில வேலை, பாதி நாள் நைட் ஷிப்ட். நானும் எம் பொண்ணு ஆதிரையும் மட்டும்தான் இருப்போம். ரெண்டாங்கிளாஸ் படிக்கறா. போன மாசம் ஒரு நாள், இதே மாதிரி இருட்டின நேரம், தோசை ஊத்தீட்டு இருக்கேன், பாத்ரூமுக்குள்ள இருந்து “உர்ர்ர்ர்”ங்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பூபதிக்கு போன் போட்டேன். அவர் அங்க மெசினு சத்தத்துல, “பூனையா இருக்கும், பாலை மூடி வை”ன்னு வெச்சுட்டார். எந்தப் பூனைங்க “ஹாவ்”னு கத்தும்? நான் தோசைக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு, “அருள்நிறைந்த மரியே”ன்னு ஆரம்பிச்சுட்டேன். கும்பிடறது மாரியாத்தாளைத்தான். படிச்சது கான்வென்ட்டுங்களா, பயம் வந்தா மட்டும் வாயில அதுதான் வருது. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, ரெண்டு பேருக்கும் பேர்ல அவ்வளவு வித்தியாசமில்ல.

கதவு திறந்துதான் இருந்துச்சு. எங்க வீட்டுல பாத்ரூம் கதவுக்குத் தாழ் போடறது இல்லீங்க. சும்மா சாத்தறதோட சரி. அது ஏன்னு பின்னாடி சொல்றேன். தள்ளிப் பார்த்தா, எம் பொண்ணு வாளியக் கவுத்துப் போட்டு அது மேல நின்னுக்கிட்டு, கண்ணாடியப் பார்த்து உறுமிக்கிட்டு இருக்கா.

“என்ன அம்மிணி பண்றே?”

“அம்மா, நான் கரடி. ஆண்டு விழாவுல நான் மூணாவது கரடி!”

அவ முகத்துல அப்படி ஒரு சந்தோசம். எனக்குத்தான் சந்தோசப்பட முடியல. ஏன்னா, அந்த ஸ்கூல்ல கரடின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியுமுங்க்கா. நானும் அதே ஸ்கூல்தான்.

நாடகத்தோட கதை என்னன்னா, தமிழ்த்தாய் காட்டுக்கு வர்றாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. தமிழ் மிஸ் ஒரு நாடகம் எழுதுனாங்க, டான்ஸ் மாஸ்டர் ஒரு நாடகம் எழுதுனார், டைம் பத்தாதுன்னு ரெண்டையும் ஒண்ணாத் தெச்சுட்டாங்க. தமிழ்த்தாய் வர்றாங்க, மரம் வெட்டறவங்களைப் பார்த்து அழறாங்க, ஏஞ்சலுங்க வந்து கண்ணத் தொடைக்கறாங்க, பூவுங்க ஆடுது, கரடிங்க வந்து மரம் வெட்டறவங்களைத் துரத்துது. இவ்வளவுதான்.

ஆள் பிரிச்சதைக் கேளுங்க. தமிழ்த்தாய் யாரு? ஹாசினி. பாலும் குங்குமப்பூவும் கலந்த மாதிரி இருப்பா. ஏஞ்சலுங்க யாரு? அதுக்கு அடுத்த கலரு. பூவுங்க மாநிறம். அதுக்கும் கீழ இருக்கறதெல்லாம் கரடி. வரிசையா நிக்க வெச்சா எங்க வீட்டுக்காரர் லேப்ல வெச்சிருக்கற ஷேடு கார்டு மாதிரியே இருக்கும், லைட்டுல ஆரம்பிச்சு டார்க்குல முடியும்.

எனக்கு எப்படி இருக்கும்? நான் கலர் பார்க்கற ஆளே இல்லீங்க்கா. கலர்ல என்ன இருக்கு? உங்களையே எடுத்துக்கங்க, கொஞ்சம் டல்லுதான், ஆனா முகம் எவ்வளவு லட்சணம்! நான் கேக்கறது என்னன்னா, எம் பொண்ணு மாநிறமுங்க. பூவுக்குப் போட்டிருக்கணும். பூவுல போட வேண்டிய பிள்ளையக் கரடியில போட்டா அது அநியாயமில்லையா?

பூபதிகிட்டச் சொன்னா அந்த மனுசன் சிரிக்கறார். “மாநிறமா? அடியே, கருப்புன்னு சொல்லேன், என்ன குறைஞ்சு போச்சு. எங்க டையிங்ல வந்து கேளு, டார்க் ஷேடுக்குத்தான் சாயம் நிறையப் போகும், கிலோவுக்கு ரேட்டும் அதிகம். வெள்ளைன்னா சும்மா வெளுத்து அனுப்பறதுதானே”ங்கறார். ஸ்கூல் விசயத்துல சாயப்பட்டறைக் கணக்கைக் கொண்டு வர்றவர்கிட்ட என்னங்க பேசறது?

எம் பேர் உங்களுக்குச் சொன்னேனுங்களா? வெண்ணிலா. சிரிங்க, பரவால்ல. ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. “பேரு வெண்ணிலா, ஆளு அமாவாசை.” ஒண்ணாங்கிளாஸ்ல ஆரம்பிச்சு எல்லா ஆண்டு விழாவுலயும் நான் மரமுங்க. கையத் தூக்கிக்கிட்டு நிக்கணும், பேசக் கூடாது. ஒரு வருசம் ப்ரமோஷன் குடுத்துப் பாறையாக்குனாங்க. உக்காந்துக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருசம் திரும்பவும் மரம்.

நாலாங்கிளாஸ்ல ஒரு ஆண்டு விழா. உடம்பெல்லாம் பச்சைக் காகிதம் சுத்தியிருந்துச்சு. அவசரமா வருதுன்னு ஸ்கூல் பாத்ரூமுக்குப் போனேன், தாழ் போட்டேன், திரும்ப எடுக்க வரல. துருப்பிடிச்சுச் சிக்கிக்கிச்சு. கத்துனேன், தட்டுனேன். வெளிய ஸ்பீக்கர்ல பாட்டுச் சத்தம். நாடகம் நடக்குது, கை தட்டறாங்க, பரிசு குடுக்கறாங்க, தேசிய கீதமும் பாடியாச்சு. நான் உள்ள அட்டென்ஷன்ல நிக்கறேன். கடைசியில கூட்ட வந்த ஆயாதான் கதவை இடிச்சுத் திறந்தாங்க.

என்னை யாருமே தேடலீங்க்கா. மேடையில ஒரு மரம் குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது?

அன்னைக்கு விட்டதுதான். எந்தப் பாத்ரூமுலயும் தாழ் போட மாட்டேன். கல்யாணமான புதுசுல மாமியார் வீட்டுல, உள்ள இருந்துக்கிட்டு விடாமப் பாட்டுப் பாடுவேன், ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு. என்ன சங்கீத ஞானம் எங்க மருமகளுக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டாங்க.

சரி, கதைக்கு வர்றேன். டான்ஸ் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். பயந்துக்கிட்டேதான். அவர், “மேடம், நான் கலர் பார்க்கறவன் இல்ல, லைட்டிங் பார்க்கறவன். டார்க்கா இருக்கற பிள்ளைங்க முன்னாடி நின்னா வீடியோவுல முகம் தெரியாது. பேரன்ட்ஸ்தான் வந்து சண்டை போடறீங்க”ன்னார். நானும் தலையாட்டீட்டு, “தேங்க்யூ மாஸ்டர்”னு சொல்லீட்டு வந்துட்டேன். தேங்க்யூ சொல்லீட்டு வந்தேன், பாருங்க! வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கும்போதுதான் பதில் வருது: அப்பக் கல்யாண வீடியோ எடுக்கறவங்கெல்லாம் நம்ம ஊர்ல பட்டினி கெடக்கறாங்களா? வெங்காயத்துக்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்.

அன்னைக்கு ராத்திரி ஆதிரை ஒரு கேள்வி கேட்டா. தூங்கப் போறப்ப, ரொம்ப சாதாரணமா. “அம்மா, கரடின்னா ஏன் எங்களையே எடுக்கறாங்க? பனிக்கரடி வெள்ளைதானே? ஹாசினி பனிக்கரடியா வரலாமில்ல?”

“தூங்கு சாமி”ன்னேன். அவ தூங்கீட்டா, எனக்குத் தூக்கமே வரல. இவளும் பத்து வருசம் கையத் தூக்கிட்டு நிக்கப் போறாளா? ஒரு நாள் இவளும் உள்ள மாட்டிக்கிட்டு, வெளிய யாரும் தேடாமப் போயிட்டா?

அதனாலதான் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பெர்பெத்துவா. எனக்கே அவங்கதான் கணக்கு எடுத்தாங்க. எனக்கு இப்ப ஒரு குழந்தை இருக்கு, ஆதார் கார்டு இருக்கு, கேஸ் கனெக்‌ஷன் எம் பேர்ல இருக்கு. ஆனா அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சா கை தானாக் கட்டிக்குது. சேர்ல உக்காருன்னு அவங்க சொல்றாங்க, எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது.

“சொல்லு பிள்ள. ஹோம்வொர்க் பண்ணலியா?”ன்னாங்க. கிண்டல்தான். எனக்கு வேர்த்துருச்சு.

எப்படியோ சொல்லீட்டேன். சிஸ்டர், கரடி, கலர், லைட்டிங், பனிக்கரடின்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டீட்டேன். சிஸ்டர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாங்க. “சரி பிள்ள, மாஸ்டர் பிரிச்சது தப்புன்னே வச்சுக்குவோம். வேற யாரு பிரிச்சாலும் நீங்க ஒவ்வொருத்தரா வருவீங்களே, என் பிள்ளைக்கு ஏன் இதுன்னு. எப்படிப் பிரிக்கச் சொல்லுத?”

அப்பத்தான் அவங்க அலமாரி மேல அந்த நீல பிஸ்கட் டின்னைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாதில்லீங்களா? எங்க ஸ்கூல்ல வருசம் பிறந்தா எல்லாப் பிள்ளைங்களும் அந்த டின்னுக்குள்ள கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கணும். ஒரு புனிதர் பேர் இருக்கும். அந்த வருசம் பூரா அவர்தான் நமக்குக் காவல். எந்த மதமா இருந்தாலும் எடுக்கணும். எனக்கு எப்பவும் தலை வெட்டுப்பட்டவங்க, எண்ணெய்க் கொப்பரையில விழுந்தவங்களாத்தான் வருவாங்க. அழுதாலும் மாத்த முடியாது. எடுத்த சீட்டு எடுத்ததுதான். மாத்திக் கேட்டா சிஸ்டர் சொல்லுவாங்க, “கடவுள் கையைத் தட்டிவிடாதே பிள்ள.”

நான் டின்னைக் காட்டி, “சிஸ்டர், நம்மளக் காப்பாத்தற புனிதரையே சீட்டுல எடுக்கறோம். கரடிய எடுக்கக் கூடாதா?”ன்னு கேட்டுட்டேன்.

கேட்டது நான்தானான்னு எனக்கே சந்தேகம். சிஸ்டர் எந்திரிச்சு அந்த டின்னை எடுத்து மேசை மேல வெச்சாங்க. அப்புறம், “இத்தனை வருசம் நீ வாயே தொறக்கலியே”ன்னாங்க. எங்கிருந்துங்க்கா திறக்கறது, மரம் பேசுமா?

ஒத்துக்கிட்டாங்க! பேரன்ட்ஸ் எல்லாரையும் வரச் சொல்லி, எல்லார் முன்னாடியும் சீட்டுன்னு சொல்லீட்டாங்க. என்னையே எந்திரிச்சுப் பேசச் சொன்னாங்க. பேசுனேன் பாருங்க! “கலர் பார்க்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, எந்த ஊரு, எந்தச் சாதி, எதுவும் பார்க்கக் கூடாது. குழந்தைங்க எல்லாம் ஒண்ணு.” கை தட்டுனாங்க. பூபதிகூடத் தட்டுனார், தூக்கக் கலக்கத்துல.

சீட்டு ஆரம்பிச்சுது. ஹாசினி கைய விட்டா, கரடி! அவங்கம்மா மூஞ்சியப் பார்க்கணுமே. ஆனா அந்தப் புள்ள, “ஐ! மேக்கப் இல்ல, சிரிச்சுக்கிட்டே நிக்க வேண்டாம்!”னு குதிக்குது. பாவம், ஒவ்வொரு வருசமும் சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிச்சிருக்கும்போல.

ஆதிரை எடுத்தா. ஏஞ்சல். எனக்குக் கண்ணுல தண்ணி. பூவுக்கும் மேல போயிட்டாளே! அவ என்னடான்னா உதட்டைப் பிதுக்கறா. “எனக்குக் கரடிதான் வேணும்”னு அழுகை. நான் காதோட காதா, “கடவுள் கையைத் தட்டிவிடாதே”ன்னு ஒரு கிள்ளு கிள்ளுனேன்.

அப்புறம் லின்தோய் எடுத்தா. லின்தோய் யாருன்னா, அந்தச் சைனாப் பொண்ணு. இல்லீங்க, மணிப்பூர். ஆதிரை என்னைத் திருத்திக்கிட்டே இருப்பா, ரெண்டும் உயிர்த் தோழிங்க. பாக்கறதுக்கு அப்படி இருந்தா என்னங்க பண்றது, வாயில வந்துருது. அவளை எங்க வைக்கறதுன்னே ஸ்கூலுக்குத் தெரியாது. முந்தின வருசம் உலக நாடுகள் டான்ஸ்ல ஜப்பானா நிக்க வெச்சாங்க, போன வருசம் சைனா. இந்த வருசம் நாடகத்துல நாடு எதுவும் இல்லையா, மாஸ்டர் ரொம்ப யோசிச்சுட்டு அவளைத் திரை இழுக்க விட்டுட்டார்.

அவ சீட்டைப் பிரிச்சா. தமிழ்த்தாய்.

நான் நியாயமான ஆளுங்க்கா, அது உங்களுக்கே தெரியும். ஆனா தமிழ்த்தாய்க்குன்னு ஒரு லட்சணம் இருக்கில்லீங்களா? நாளைக்குப் பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? நான் நல்லதுக்குத்தான் எந்திரிச்சேன். “சிஸ்டர், மத்ததெல்லாம் சரிங்க. தமிழ்த்தாய் மட்டும் கொஞ்சம்… முகம் பார்த்துப் போடலாம்”னேன்.

யாருமே கை தட்டல.

லின்தோயோட அம்மா மெம்சா பின்னாடி உக்காந்திருந்தாங்க. எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சன்டைசர். இந்த ஊருக்கு வந்து அவங்களுக்கு ரொம்ப வருசமாச்சு, பொண்ணு இங்கதான் பிறந்தது. மெதுவா எந்திரிச்சாங்க. “ஏனுங் வெண்ணிலா, தமிழ்த்தாய நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க, படத்துல…”

“படம் வரைஞ்சவர் பாத்திருக்காருங்களா?”

இதுக்கும் எனக்கு வெங்காயம் உரிக்கும்போதுதான் பதில் வரும்னு நெனச்சேன். இன்னும் வரல. எத்தனை கிலோ உரிச்சாச்சு!

அதுக்குள்ள அந்த லின்தோய் முன்னால வந்து, தமிழ் மிஸ் எழுதுன வசனத்தை எடுத்து விட்டா பாருங்க. திரை இழுக்கறவ எல்லாத்தையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கா. “மரம் வெட்டும் மக்காள், உங்கள் கோடரிக்குக் காம்பு தந்ததும் நானல்லவா!” அப்படீன்னு கையை நீட்டுனா, மாஸ்டரே ரெண்டடி பின்னாடி போயிட்டார். எம் பொண்ணு இன்னும் வாழப்பழத்தை வாளப்பளம்பா. தமிழ் மிஸ் கண்ணத் தொடைச்சாங்க. எம் பொண்ணு இருக்காளே, அழுகைய நிறுத்தீட்டு பெஞ்சு மேல ஏறி விசிலடிக்கறா.

சிஸ்டர் என்னைப் பார்த்தாங்க. “வெண்ணிலா. அடுத்தவங்க எடுத்த சீட்டை ஏத்துக்காதவங்க என்ன செய்யணும்?”

அது எங்க ஸ்கூல் பழக்கமுங்க. இன்னொருத்தர் சீட்டைக் குறை சொன்னா, சொன்னவங்க ஒரு சீட்டு எடுக்கணும். அதுல வர்ற புனிதருக்கும் சேர்த்து வருசம் பூரா ஜெபம் பண்ணணும். “தெரியும் சிஸ்டர்”னேன். கை தானாக் கட்டிக்கிச்சு.

“டின்னுல ஒண்ணு மிச்சம் இருக்கு. ஒரு பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி, வரல. நீ எடு.”

“சிஸ்டர், நான் பேரன்ட்…”

“கடவுள் கையைத் தட்டிவிடாதே பிள்ள.”

எடுத்தேன். முதல் கரடி. தாய்க்கரடி.

சிரிக்காதீங்க்கா! ஆமாங்க, நான்தான். ஆதிரை இப்ப வீட்டுலயே இல்லீங்க, லின்தோய் வீட்டுல ரெண்டு பேரும் வசனம் பாத்துக்கிட்டு இருக்காங்க. பூபதி டூட்டி முடிஞ்சு வரும்போது கூட்டீட்டு வருவார். நீங்க கேட்ட சத்தம் நான்தான், பாத்ரூம் கண்ணாடி முன்னாடி பழகிக்கிட்டு இருந்தேன். பூரிக்கட்டைய எடுக்காதீங்க!

முடியாதுன்னுதான் சொல்லீரலாம்னு இருந்தேன். ஆதிரை விடல. “அம்மா, எனக்குக் கிடைக்காத கரடி உனக்குக் கிடைச்சிருக்கு, ஒழுங்காப் பண்ணு”ன்னு தினம் ட்ரெயினிங். “அம்மா, நீ இருமற. கரடி இருமாது. வயித்துல இருந்து வரணும்.” லின்தோயும் வந்து, “ஆன்ட்டி, பயப்படற மாதிரி உறுமறீங்க. பயமுறுத்தற மாதிரி உறுமுங்க”ங்கறா. எனக்கு எங்கீங்க்கா அந்தப் பழக்கம்? இத்தனை வயசுக்கு நான் யாரைப் பயமுறுத்தியிருக்கேன், அந்தப் பல்லியக்கூடப் பயமுறுத்துனதில்ல.

அந்தப் பொண்ணு கெட்டிக்காரிங்க, சொல்லக் கூடாது. அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்கவே இல்ல. மெம்சாவும் அப்படித்தான். எனக்குக் கரடி டிரஸ் அவங்க கம்பெனி சாம்பிள் துணியிலதான் தெச்சுக் குடுத்தாங்க. அளவெடுக்கும்போது மட்டும், “கரடிக்கு லட்சணமா இருக்கீங்க”ன்னாங்க. அதுல ஏதோ இருக்கு, என்னன்னுதான் எனக்குப் பிடிபடல.

துணியா? நல்ல ஜெட் பிளாக். பூபதி தன் கையால சாயம் போட்டுக் குடுத்தார். “காஸ்ட்லி ஷேடு, அழுக்காக்கிராதே”ன்னு சொல்லீட்டுப் போயிருக்கார்.

ஆதிரைக்கு மட்டும் ஒரு சின்ன விசயம். ஏஞ்சல்னா கொஞ்சம் ரோஸ் பவுடர் வேணுமில்லீங்களா, ரெண்டு ஷேடு லைட்டா வாங்கி வெச்சிருந்தேன். அவ டப்பாவத் திறந்து பார்த்துட்டு, “இது யாருக்கும்மா?”ன்னா. “உனக்குத்தான் சாமி, ஏஞ்சலுக்கு.” “ஏஞ்சல் நான்தானே, அப்ப ஏஞ்சல் என் கலர்தானே இருக்கும்”னுட்டு, டப்பாவக் கொண்டு போய்க் கோலப்பொடி டப்பா பக்கத்துல வெச்சுட்டா. நான் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்னு விட்டுட்டேன். விழா அன்னைக்கு லேசா ஒரு பூச்சு… வேண்டாமா? நீங்களும் அப்படித்தான் சொல்றீங்களா? சரி, விடுங்க. காசு குடுத்து வாங்குனது. கோலத்துக்கு ஆகும்.

என்னங்க்கா? பாத்ரூம் கதவை மூடிக்கிட்டுப் பண்ணலாமேங்கறீங்களா? சாத்தித்தான் வெக்கறேன், காத்துக்குத் திறந்துக்குது. தாழ் போட்டாத்தான் நிக்கும், உங்களுக்கும் சத்தம் வராது. புரியுதுங்க. உங்க வீட்டுல பையனுக்குப் பரீட்சைன்னு சொல்றீங்க. ஆனா தாழ்… நான்தான் சொன்னேனே.

ம். இருங்க, யோசிக்கறேன்.

நாடகத்துல தாய்க்கரடிக்கு ஒரே ஒரு உறுமல்தான். தமிழ்த்தாய் அழுதுக்கிட்டு நிக்கறாங்க, மரம் வெட்டறவங்க கோடரிய ஓங்கறாங்க, எல்லா லைட்டும் அணைஞ்சு ஒரே ஒரு லைட்டு எம் மேல விழும். டான்ஸ் மாஸ்டரே வெச்சார் அந்த லைட்டை, அந்தக் கருப்பு டிரஸ்ல நல்லாத் தெரியணுமாம். நான் உறுமுனாத்தான் அவங்க ஓடுவாங்க. உறுமலைன்னா ஓங்குன கோடரியோட அப்படியே நிக்கணும். ஏஞ்சல் வர முடியாது, பூ ஆட முடியாது, திரை விழாது. லின்தோய் அங்க கையை நீட்டிக்கிட்டே நிப்பா, எம் பொண்ணு ஓரத்துல ரெக்கையோட காத்துக்கிட்டு இருப்பா.

அப்ப நான் எங்கயாவது மாட்டிக்கிட்டா, தேடுவாங்க இல்லீங்களா? ஸ்கூலே தேடும். “கரடி எங்க, கரடி எங்க”ன்னு சிஸ்டர் பெர்பெத்துவா மைக்குலயே கூப்பிடுவாங்க.

சரி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. கீழ போக வேண்டாம், இங்கயே இருங்க, இந்தச் சேர்ல. பூரிக்கட்டைய எடுத்துக்கங்க. நான் உள்ள போறேன். கூப்பிட்டா மட்டும் கதவை இடிச்சாப் போதும்.

போறேனுங்க.

அக்கா? இருக்கீங்களா? சும்மா கேட்டேன். லைட்டைப் போட்டுட்டேன். வாளிய நகர்த்தி வெச்சுட்டேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கு, யார் போட்டாங்கன்னு தெரியல, பூபதியாத்தான் இருக்கும். இருக்கீங்களா? கையை வெச்சிருக்கேன். பாட்டுப் பாடட்டுமா? வேண்டாம், வேண்டாம். கரடி பாடாது.

போட்டுட்டேனுங்க்கா. கேட்டுச்சுங்களா?